சமன் அடி: திண்டுக்கல் வட்டார வரிசையாட்டங்களில் எடை மாறும் கலை

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களில் ஆடப்படும் தேவராட்டம், ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் ஆகியவை பலர் கூடி வரிசையாகவோ வட்டமாகவோ ஆடும் ஆட்டங்கள். இவற்றின் பாட்டு வேறு, தாளம் வேறு, ஆடுவோர் வேறு. ஆயினும் ஓர் அடி எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிறது. ஆடுபவர் முன்னே ஒரு காலை வைத்து உடலின் எடையை அதன்மேல் ஏற்றுகிறார். மறுகணம் அந்த எடையைப் பின்காலுக்குத் திருப்பித் தருகிறார். முடிவில் அவர் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார். பார்ப்பவருக்கு இது அடுத்த அடவுக்கு முன் வரும் சிறு இடைவேளையாகத் தோன்றும். ஆடுபவருக்கோ, எதிரே நிற்பவரோடும் பக்கத்தில் நிற்பவரோடும் தன்னை ஒத்துப் பார்த்துக்கொள்ளும் நேரம் அதுதான். இந்த அடிக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு வழக்கு உண்டு. இக்கட்டுரையில் இது 'சமன் அடி' எனப்படுகிறது.

இதே அடி அமெரிக்காவின் 'கான்ட்ரா' என்னும் எதிர்வரிசை நடனத்தில் 'பேலன்ஸ்' என்ற பெயரோடு தனி இடம் பெற்றுள்ளது. நம் ஆட்டங்களில் பெயரின்றி வாழும் ஒன்றை விளக்க அந்த ஒப்பீடு உதவும். சமன் அடி எப்படி வேலை செய்கிறது, எங்கிருந்து வந்தது, இன்று மேடையில் அதற்கு என்ன நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

துலாவும் சமனும்

தராசின் கோலுக்குத் துலாக்கோல் என்று பெயர். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றத்தின் நெடுமரத்துக்கும் துலா என்றுதான் பெயர். மின்சார மோட்டார் வருமுன் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஏற்றம் இருந்தது. ஓர் ஆள் துலாமரத்தின்மேல் ஏறி நின்று முன்னே நடப்பார். மரம் கிணற்றுப் பக்கம் தாழ்ந்து சால் நீரில் அமிழும். அவர் பின்னே நடந்ததும் மரம் மறுபக்கம் தாழ்ந்து சால் மேலே வரும். முன்னே சில அடி, பின்னே சில அடி. உடலின் எடையே விசை. ஏற்றப்பாட்டு அதற்குத் தாளம். இறைத்த சாலுக்குக் கணக்கும் அதுவே. மரத்தின்மேல் நடப்பவர் எங்கும் போய்ச் சேர்வதில்லை, ஆனால் வயலுக்கு நீர் போய்ச் சேரும்.

சமன் அடியும் இத்தகையதே. எடை போய் எடை திரும்புகிறது. அந்தப் போக்குவரத்தில் ஒரு விசை பிறக்கிறது. அடுத்த சுற்றோ தாவலோ அந்த விசையில் நிகழ்கிறது. அமெரிக்க நடனத்தின் 'பேலன்ஸ்' என்னும் சொல்லும் இரு தட்டுகளைக் கொண்ட தராசைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. இரு மொழிகளும் தராசைக் கொண்டே இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். கரகாட்டத்தில் தலைமீது குடம் விழாமல் நிற்பதும் சமநிலைதான். அது ஒருவர் தம் உடலுக்குள் காக்கும் சமநிலை. வரிசையாட்டத்தின் சமன் அடியில் சமநிலை இருவருக்கிடையில் அல்லது பலருக்கிடையில் காக்கப்படுகிறது. ஒருவர் தவறினால் மற்றவர் அதைத் தம் உடலில் உணர்வார்.

உடலில் நிகழ்வது

நிற்கும் மனித உடலின் நிறை மையம் ஏறத்தாழ தொப்புளுக்குச் சற்றுக் கீழே அமைகிறது. அந்த மையத்திலிருந்து தரைக்கு ஒரு நேர்கோடு இறக்கினால், அது இரு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும்வரை நாம் விழமாட்டோம். ஒரு காலைத் தூக்க வேண்டுமானால், முதலில் அந்தக் கோட்டை மறுகாலின் மேல் கொண்டுசெல்ல வேண்டும். எடை முழுதும் மாறாமல் எந்தக் காலும் விடுபடாது. நடக்கும்போது இதை எண்ணாமல் செய்கிறோம். ஆட்டத்தில் இதை எண்ணிச் செய்ய வேண்டும்.

வாசகர் எழுந்து நின்று இதைச் செய்து பார்க்கலாம். வலக்காலை ஒரு சாண் முன்னே வைத்துப் பாதத்தால் தரையைத் தட்டிவிட்டு எடுங்கள். எடை மாறவில்லை, கால் மட்டும் போய் வந்தது. இப்போது அதே காலை வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, இடக்குதிகால் தானே எழும்வரை முன்னே சாயுங்கள். பிறகு இடக்காலுக்குத் திரும்புங்கள். முதல் முறை தட்டு. இரண்டாம் முறை அடி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். உடலுக்கு அவை முற்றிலும் வேறு. தட்டியவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்பவும் புதிதாக முயல வேண்டும். எடையை ஏற்றியவரின் உடலில் திரும்புவதற்கான விசை ஏற்கெனவே இருக்கும்.

மடங்கிய முழங்கால் இங்கே வில்போல வேலை செய்கிறது. இறங்கும் எடையை வாங்கிக்கொண்டு, எழும்போது திருப்பிக் கொடுக்கிறது. முழங்காலை விறைப்பாக வைத்து ஆடுபவருக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. பாதத் தோலும் மூட்டுகளும் தரையின் அழுத்தத்தைத் தெரிவிக்கின்றன. கண் எதிரே உள்ளவரைப் பிடித்துக்கொள்கிறது. இம்மூன்று செய்திகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போது ஆடுபவருக்கு நிலை கிடைக்கிறது. 'அடி உட்கார்ந்துவிட்டது' என்று பயிற்றுவிப்போர் சொல்வது இந்த நிலையைத்தான்.

கைகோத்து ஆடும்போது இன்னொன்றும் சேர்கிறது. இருவர் கைபிடித்துப் பின்னே சாய்ந்தால், இருவருடைய நிறை மையமும் தத்தம் பாதங்களுக்கு வெளியே போய்விடும். ஆயினும் விழமாட்டார்கள். ஒருவர் இழுப்பதற்குச் சமமாக மற்றவர் இழுக்கிறார். நியூட்டனின் மூன்றாம் விதியை வகுப்பில் விளக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒருவர் கையைத் தளரவிட்டால் விழுபவர் மற்றவர். ஆகவே சமன் அடியில் கொடுக்கும் எடை, எதிரே உள்ளவர்மீது வைக்கும் நம்பிக்கையும் ஆகும்.

குரவையின் மரபு

கைபிணைந்து ஆடுவது தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவை என்பவற்றைக் குறிப்பிடுகிறது; அவை போர்க்களத்தில் வெற்றித் தேரின் முன்னும் பின்னும் ஆடியவை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இன்னும் விரிவான செய்தி தருகிறது. மதுரையின் ஆயர்சேரியில் பால் உறையாமை, வெண்ணெய் உருகாமை முதலான தீக்குறிகள் தோன்றுகின்றன. அதைக் கண்ட மாதரி, குறை தீரக் குரவை ஆடலாம் என்கிறாள். ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு இசைப் பெயர்கள் சூட்டப்படுகின்றன. நண்டின் பிடிபோல விரல்களைக் கோத்து, ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தில் நின்று ஆடுகிறார்கள்.

நண்டுப்பிடி என்பது அலங்காரத்துக்காக மட்டும் வைத்த முத்திரை ஆகாது. விரலோடு விரல் கொக்கிபோல மாட்டினால்தான், வட்டத்தில் உள்ளவர்கள் உள்ளும் புறமும் சாயும்போது பிடி நழுவாது. ஏழு இசைகளும் ஒன்றுக்கொன்று உரிய இடைவெளியில் நிற்பதுபோல ஏழு பெண்களும் நிற்கிறார்கள். ஊருக்கு ஏதோ நேரப்போகிறது என்ற அச்சத்தில் அவர்கள் செய்தது, ஒருவர் கையை ஒருவர் பற்றியதுதான்.

திண்டுக்கல் சமவெளியும் பாளையங்களும்

இன்றைய திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வட்டாரத்தின் வரலாறு மதுரையோடு பிணைந்தே இருந்தது. 1529-இல் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சி தொடங்கிய பின், நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது. விருப்பாட்சி, கன்னிவாடி, இடையகோட்டை, ஆயக்குடி, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர் முதலானவை திண்டுக்கல் சமவெளியிலும் அதன் மலையடிவாரங்களிலும் அமைந்த பாளையங்கள்.

பாளையக்காரர்களில் பலர் தெலுங்கு நிலத்திலிருந்து தெற்கே வந்த இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தினர். கால்நடை வளர்ப்பும் போர்ப்பணியும் அவர்களின் பழந்தொழில்கள். சக்கம்மா அவர்களின் தெய்வம். தேவராட்டம் அவர்களோடு வந்த ஆட்டம், சேவையாட்டமும் அவர்களுடையதே. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனும் இச்சமூகத்தவர். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சிக் கோபால நாயக்கரும் இச்சமூகத்தவரே.

1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தாராகப் பொறுப்பேற்றார். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் பாளையங்கள் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டன. கோபால நாயக்கர் 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் படையும் போயின. ஆட்டம் மட்டும் திருமண வீட்டின் முற்றத்திலும் கோயில் திடலிலும் தொடர்ந்தது. ஒரு சமூகம் தன் அதிகாரத்தை இழந்த பின்னும் தன் அடவுகளை இழக்காமல் வைத்திருந்தது என்பது இவ்வட்டார வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

தேவராட்டத்தில் சமன் அடி

தேவராட்டம் என்னும் பெயர் தேவர்கள் ஆடியது அல்லது தேவர்கள்முன் ஆடியது என்ற நம்பிக்கையைச் சார்ந்தது. தேவர் என்னும் சாதிப் பெயரோடு இதற்குத் தொடர்பில்லை. மரபாக ஆண்களே ஆடினர். தலைப்பாகை, வேட்டி, காலில் சலங்கை, இரு கைகளிலும் துணி ஆகியவை ஆடுவோரின் கோலம். இதில் பாட்டு இல்லை. உறுமியே எல்லாம். இச்சமூகத்தார் அதைத் தேவதுந்துபி என்று போற்றுவர். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உறுமல் எழும். மறுமுகத்தை நேர்க்குச்சியால் அடிக்கும்போது தாளம் எழும்.

ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். வரிசையில் நிற்பவர்கள் முதலில் நின்ற இடத்திலேயே எடை மாற்றுவர். இது சலங்கை ஒலியைச் சேர்த்துக்கொள்ளும் நேரம். பத்துப் பேரின் சலங்கை பத்து ஒலியாகக் கேட்டால் வரிசை இன்னும் ஒன்றாகவில்லை என்று பொருள். ஒரே ஒலியாகக் கேட்டதும் முதல் ஆட்டக்காரர் அடவை மாற்றுவார். வரிசை அவரைப் பின்பற்றும். ஓர் அடவிலிருந்து மற்றோர் அடவுக்குப் போகுமுன் மீண்டும் சில தாளம் சமன் அடி வரும். அப்போது உறுமி தேய்ப்பவர் வரிசையைக் கவனிப்பார். வரிசை உறுமியைக் கவனிக்கும்.

பாட்டு இல்லாத ஆட்டத்தில் சொல்லால் அறிவிப்பு இல்லை. 'இனி இது' என்று யாரும் கூவுவதில்லை. அறிவிப்பு முதல் ஆளின் இடுப்பிலும் தோளிலும்தான் முதலில் தெரியும். பக்கத்தில் உள்ளவர் அதைக் கண்ணின் ஓரத்தால் பிடிப்பார். இதற்கு அவகாசம் தருவது சமன் அடி. அதை எடுத்துவிட்டால், ஆடுவோர் அடவு வரிசையை முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அப்போது அவர்கள் உறுமியைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

ஒயிலாட்டம், கும்மி, பின்னல் கோலாட்டம்

ஒயில் என்றால் அழகு. ஒயிலாட்டத்தில் ஆடுவோர் வரிசையாக நின்று, கையில் வண்ணத் துணியை வீசிக்கொண்டு ஆடுவர். வரிசைகள் எதிரெதிராக நிற்கும்போது முன்னேறுவதும் பின்வாங்குவதும் அழகாகத் தெரியும். வாத்தியார் ஓரடி பாட, மற்றவர் திருப்பிப் பாடுவர். இராமாயணக் கதை, வள்ளி திருமணம், கட்டபொம்மன் கதை ஆகியவை பாட்டாகும். இங்கே சமன் அடிக்கு இன்னொரு பயனும் உண்டு: மூச்சு. பாடிக்கொண்டே தாவ முடியாது. வாத்தியார் பாடும்போது வரிசை நின்று எடை மாற்றும். திருப்பிப் பாடி முடிந்ததும் அடவு வேகமெடுக்கும். ஆட்டத்தின் வேகமும் பாட்டின் தெளிவும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருப்பது இதனால்தான்.

கும்மியில் எடை வட்டத்தின் உள்ளே போய் வெளியே வரும். கைதட்டும்போது குனிந்து உள்ளே, நிமிரும்போது வெளியே. திண்டுக்கல், மதுரை வட்டார அம்மன் திருவிழாக்களில் முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மியடிப்பர். வட்டத்தில் பாட்டியும் பேத்தியும் ஒருங்கே இருப்பார்கள். பாட்டியின் அடி சிறியது, பேத்தியின் அடி பெரியது. ஆனால் எடை மாறும் நேரம் இருவருக்கும் ஒன்று. அதனால் வட்டம் உடைவதில்லை. அடியின் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, காலம் ஒன்றாக இருந்தால் போதும் என்ற பாடத்தைச் சொல்லிக் கொடுக்காமலே கும்மி கற்றுத் தருகிறது.

பின்னல் கோலாட்டத்தில் உயரத்திலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளின் நுனியை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஆடுவர். ஆட்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றுவர். எதிரே வருபவருக்கு ஒருமுறை உள்ளே, அடுத்தவருக்கு வெளியே என மாறி மாறிச் செல்லும்போது மேலே பின்னல் விழும். பிறகு அதே வழியே திரும்பி ஆடினால் பின்னல் அவிழும். ஒவ்வொருவரைக் கடக்கும்போதும் எதிரே நின்று கோலைத் தட்டி எடை மாற்றுகிறார்கள். கயிறு அப்போது இறுக்கமாக இருக்க வேண்டும். ஒருவர் முந்தினால் அவர் கயிறு தளர்ந்து பின்னலில் ஒரு கண் பெரிதாகும். எந்த இடத்தில் யார் அவசரப்பட்டார் என்பது தலைக்குமேல் எழுதி வைத்ததுபோலத் தெரியும்.

கடல் கடந்த ஓர் ஒப்பீடு

1651-ஆம் ஆண்டுப் பதிப்பாக இலண்டனில் ஜான் பிளேஃபோர்டு வெளியிட்ட நடன நூலில் நூற்றுக்கு மேற்பட்ட நாட்டுப்புற நடனங்கள் தொகுக்கப்பட்டன. எதிரெதிர் வரிசையில் எத்தனை இணைகள் வேண்டுமானாலும் சேர்ந்து ஆடும் வகையும் அவற்றுள் ஒன்று. இந்த ஆங்கில ஆட்டங்கள் பிரான்சுக்குப் போய் 'கோந்த்ரதான்ஸ்' ஆயின. குடியேறியவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊன்றின. அங்கே 'கான்ட்ரா' என்ற பெயர் நிலைத்தது. நகரங்களில் வழக்கொழிந்த பின்னும் நியூ ஹாம்ப்ஷயர் முதலிய மாநிலங்களின் சிற்றூர்க் கூடங்களில் அது உயிரோடு இருந்தது. ரால்ஃப் பேஜ், டட்லி லாஃப்மன் ஆகியோர் அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தனர். 1970-களில் அது அமெரிக்கா முழுதும் பரவியது.

நியூ இங்கிலாந்துக்கும் நமக்கும் வேறொரு தொடர்பு உண்டு. பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரையில் பணி தொடங்கியது. அதன் ஊழியர்கள் 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். பள்ளியும் மருத்துவமனையும் இப்பகுதிக்கு அவர்கள் வழியே வந்தன. அந்த எதிர்வரிசை ஆட்டம் இங்கே வேரூன்றவில்லை.

கான்ட்ரா நடனத்தின் ஒரு சுற்று 64 தாளம் கொண்டது. அதில் மிகப் பரவலான சேர்க்கை 'பேலன்ஸ்', பிறகு 'ஸ்விங்'. இருவர் கைபிடித்து, இரண்டு தாளத்தில் முன்னே நெருங்கி, இரண்டு தாளத்தில் பின்னே விலகுவர். மீதிப் பன்னிரண்டு தாளத்தில் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வேகமாகச் சுழல்வர். நான்கும் பன்னிரண்டும் சேர்ந்து பதினாறு. பாட்டின் ஒரு பகுதி சரியாக முடியும். பின்னே விலகும்போது கைகள் வில்லின் நாண்போல இழுபடும். அந்த இழுவிசைதான் சுழற்சியைத் தொடங்கி வைக்கிறது. பேலன்ஸ் இல்லாமலும் சுழலலாம். ஆனால் அப்போது இருவரும் தள்ளித் தொடங்க வேண்டியிருக்கும்.

கான்ட்ராவில் அடுத்த நகர்வைக் கூவிச் சொல்ல ஓர் ஆள் உண்டு. புதிதாக வந்தவரும் அன்றே ஆடிவிடலாம். நம் ஒயிலாட்ட வாத்தியாரின் பணியும் இதற்கு நெருங்கியது. முன்பு அங்கே ஆண் வரிசை, பெண் வரிசை என்ற பிரிவு இருந்தது. அண்மை ஆண்டுகளில் பல ஊர்களில் அதற்குப் பதிலாக லார்க், ராபின் என்ற பறவைப் பெயர்களை வழங்குகிறார்கள். யார் எந்த வரிசையிலும் நிற்கலாம். நம்மிடமும் மாற்றம் நிகழ்கிறது. ஆண்களே ஆடிவந்த ஒயிலாட்டத்தையும் தேவராட்டத்தையும் இன்று பெண்களும் ஆடுகிறார்கள். கோவை வட்டாரத்தில் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த மு. பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

களத்திலிருந்து மேடைக்கு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வாட்டங்கள் ஊரின் களத்திலிருந்து மேடைக்கு வந்தன. பள்ளி, கல்லூரி விழாக்கள், அரசு விழாக்கள், 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், 2022-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய கலைத் திருவிழா ஆகியவை புதிய அரங்குகளாயின. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் 2007-இல் அமைந்தது. இவற்றால் கலைஞர்களுக்கு வருவாயும் மதிப்பும் கிடைத்தன. ஒரு சமூகத்துக்குள் மட்டும் இருந்த தேவராட்டத்தை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் கற்க வழி பிறந்தது. இந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல இயலாது.

ஆயினும் மேடைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது நேரம். இரவெல்லாம் ஆடியதைச் சில நிமிடங்களில் அடக்க வேண்டும். அப்போது முதலில் வெட்டப்படுவது 'ஒன்றும் நடக்காத' பகுதி, அதாவது சமன் அடி. இரண்டாவது திசை. களத்தில் வரிசைகள் ஒன்றையொன்று நோக்கும், அல்லது உறுமியையோ தெய்வத்தையோ நோக்கும். மேடையில் எல்லாரும் பார்வையாளரை நோக்க வேண்டும். எதிரே ஆள் இல்லாமல் முன்னே சாய்ந்து பின்னே வருவதற்குப் பொருள் இல்லை. ஆகவே அது வெறும் கால்தட்டாகிவிடுகிறது. மூன்றாவது இசை. பதிவு செய்த இசைக்கு ஆடும்போது தாளம் ஆடுபவருக்காகக் காத்திருக்காது. சலங்கை ஒன்றாகும்வரை உறுமி காத்திருந்தது, ஒலிபெருக்கி காத்திருக்காது.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. இங்கே ஆடத் தெரிந்தவர்களுக்கும் கூடம் கொஞ்சம் கோணலாகத்தான் அமைந்துவிட்டது. மண் களத்துக்குப் பதில் சிமெண்டுத் தரை வந்ததும் இதில் சேரும். மண் எடையை வாங்கும். சிமெண்டு அதை முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். மென்மையாக எடை மாற்றப் பழகாத பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் தாவுவது அவர்கள் மூட்டுகளுக்கு நல்லதன்று.

கற்பிப்போருக்குச் சில குறிப்புகள்

பள்ளியில் நாட்டுப்புற ஆட்டம் பயிற்றுவித்தோர் ஒன்றை அறிவர். பிள்ளைகள் 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று எண்ணிக்கையை விரைவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆட்டம் மட்டும் வராது. எண்ணுவதை நிறுத்தி, இருவரை எதிரெதிரே நிறுத்தி, கைகோத்து முன்னே சாய்ந்து பின்னே வரச் சொன்னால், முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருவர் விடாமல் பிடித்தால்தான் மற்றவர் நிற்க முடியும் என்பதைக் கண்டுகொள்வார்கள். அதன்பின் கையை விட்டுத் தள்ளி நின்று அதையே செய்யச் சொல்ல வேண்டும். கை இல்லாவிட்டாலும் அந்த இழுவிசை கண்ணில் மிஞ்சியிருக்கும். வரிசை அப்போதுதான் வரிசையாகும்.

முதல் வாரத்தில் தாவும் அடவுகளைத் தொடாமல் எடை மாற்றத்தை மட்டும் பழக்குவது நன்று. சலங்கை கட்டி ஆடினால் பிழை காதுக்குத் தெரியும். யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டியதில்லை. உறுமிக் கலைஞர் ஒருவரை ஒருநாளாவது பள்ளிக்கு அழைப்பது, நூறு முறை பதிவிசைக்கு ஆடுவதைவிடப் பயன் தரும். மேடையிலும் ஒரு சுற்றையேனும் வரிசைகள் எதிரெதிரே பார்த்து ஆடும்படி அமைக்கலாம். பார்வையாளருக்கு முதுகு தெரிவதால் குறைவொன்றும் வந்துவிடாது.

ஆவணப்படுத்துவோரும் இதைக் கருத வேண்டும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் கையும் துணியும் தெரியும், எடை தெரியாது. பக்கவாட்டிலிருந்து பாதமும் முழங்காலும் தெரியும்படி, மெதுவான தொடக்கப் பகுதியை வெட்டாமல் பதிவு செய்தால், பின்னால் கற்பவர்க்கு அது பாடநூலாகும். மூத்த ஆட்டக்காரர்களின் பாதங்களைப் படம் பிடிப்பது அவர்களின் முகத்தைப் படம் பிடிப்பதைப் போலவே முக்கியமானது. முதுமையில் அவர்கள் தாவுவதை நிறுத்திவிடுவார்கள். நின்ற இடத்தில் எடை மாற்றுவதைக் கடைசிவரை செய்வார்கள். வரிசையின் ஓரத்தில் நின்று, உறுமி கேட்டதும் தானாக அசையும் அந்த முதிய கால்களில்தான் இவ்வாட்டத்தின் வேர் இருக்கிறது. இளையோர் அதன் எதிரே நின்று ஒருமுறை சாய்ந்து திரும்பிப் பழகிக்கொண்டால், அடுத்த அடவு தானே வரும்.